குக்கர் விசில் உவமையை இத்தோடு நிறுத்துங்கள்

நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படிக்கவும்.

நம் குடும்பக் குழுவிலும், 1988 பேட்ச் குழுவிலும், இன்னும் இரண்டு குழுக்களிலும் ஒரே செய்தி சுற்றுகிறது. "கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். குக்கர் விசில் அடித்து பிரஷர் இறங்குவது போல பூமியின் அழுத்தம் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதன் பின் வருவதெல்லாம் சின்னச் சின்னப் பின்னதிர்வுகள்தான்." கீழே நாற்பது கைகூப்பு, இருபது கைதட்டல். என் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை, படித்தவர், கட்டடத் துறையில் இருப்பவர், "அருமையான விளக்கம் மாமா" என்று எனக்கே தனியாக அனுப்பியிருக்கிறார்.

மாப்பிள்ளை, அது அருமையான விளக்கம் இல்லை. ஆபத்தான விளக்கம். உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்த உவமையை நம்பி யாராவது விரிசல் விட்ட வீட்டுக்குள் திரும்பிப் போய்ப் படுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு தேதி. 1944 டிசம்பர் 7. ஜப்பானின் தெற்குக் கரையை ஒட்டிய கடலுக்கடியில் 7.9 அளவில் ஒரு நடுக்கம். தோனான்கை நிலநடுக்கம் என்று பெயர். இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்து இருநூறுக்குச் சற்று அதிகம். உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். எதிரிக்குத் தெரியக்கூடாது என்று செய்தியை அமுக்கினார்கள். பத்திரிகைகளில் ஒரு ஓரத்தில் சிறிதாக வந்தது, அவ்வளவுதான்.

அதற்கு 37 நாள் கழித்து, 1945 ஜனவரி 13, விடிகாலை 3 மணி 38 நிமிடம். அதே வட்டாரத்தில் மிக்காவா என்ற பகுதி. இன்றைக்கு நிஷியோ, அன்ஜோ, காமகோரி என்று ஊர்கள் இருக்கும் இடம். அங்கே தரைக்கு அருகிலேயே, ஆழமில்லாத ஒரு பிளவு சரிந்தது. அளவு 6.8. முதல் நடுக்கத்தோடு ஒப்பிட்டால் வெளிப்பட்ட ஆற்றல் கிட்டத்தட்ட நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. குக்கர் கணக்குப்படி இது ஒன்றுமே இல்லை. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 2,300க்கு மேல். பெரிய நடுக்கத்தில் போனதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு.

காரணம் சிக்கலானது அல்ல. கடலுக்குள் நடந்தது தொலைவில் நடந்தது. இது காலுக்குக் கீழே நடந்தது. முதல் நடுக்கத்தில் மூட்டு கழன்று, சுவர் பிளந்து, எப்படியோ நின்றுகொண்டிருந்த மர வீடுகள் இரண்டாவதில் அப்படியே உட்கார்ந்துவிட்டன. ஜனவரிக் குளிர், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம்.

ஆசிரியராக இருந்தவன் என்பதால் இன்னொன்றைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியவில்லை. நகோயா நகரத்தில் குண்டு விழுகிறது என்று பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்களோடு கூட்டிவந்து மிக்காவா கிராமங்களின் கோயில்களில் தங்க வைத்திருந்தார்கள். பாதுகாப்பான இடம் என்று நம்பித்தான். கனமான கூரை போட்ட புத்தர் கோயில்கள். அவை இடிந்து அந்தப் பிள்ளைகளில் பலர் போனார்கள். குண்டுக்குத் தப்பி வந்த குழந்தைகள். பெரிய நடுக்கம் முடிந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது, இனி என்ன என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அந்த இரவுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தரை சின்னதாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அந்த உவமைக்கு வருகிறேன். குக்கர் ஒரே பாத்திரம், ஒரே மூடி, ஒரே விசில். ஆவி போனால் முழுப் பாத்திரத்துக்கும் அழுத்தம் குறையும். பூமியின் மேலோடு அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான பிளவுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கின்றன. கூட்டமான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பிடிக்காமல் அடுத்தவர் தோளில் சாய்ந்தே பாதிப் பேர் நிற்கிறார்கள். ஜன்னலோரம் நின்ற பருமனான ஆள் சட்டென்று இறங்கிவிட்டால் அவருக்கு நிம்மதி. அவர் மேல் சாய்ந்திருந்தவன் விழுவான். அவன் இன்னொருத்தி மேல் விழுவான். பஸ்ஸுக்குள் மொத்த நெரிசல் குறைந்தது உண்மைதான். ஆனால் விழுந்தவனிடம் போய் "நெரிசல் குறைந்துவிட்டது, சந்தோஷப்படு" என்று சொல்வீர்களா?

கடலடிப் பிளவு சரியும்போது சரிந்த இடத்தில் இறுக்கம் குறைகிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்தச் சுமை அக்கம்பக்கத்துக்கு மாறுகிறது என்பதைத்தான் அந்தச் செய்தி சொல்ல மறந்தது. சில பிளவுகளுக்கு அது நல்லது, சரியும் நாள் தள்ளிப் போகும். சில பிளவுகளுக்கு நாள் நெருங்கும். எந்தப் பக்கம் கூடும், எந்தப் பக்கம் குறையும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். அமெரிக்காவில் ராஸ் ஸ்டைன், ஜப்பானில் ஷின்ஜி தோடா போன்றவர்கள் முப்பது ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறார்கள்.

இன்னொரு விதமும் உண்டு, அது 2011இல் நடந்தது. மார்ச் 11, பிற்பகல் 2.46. தோஹோகு கடலடி நடுக்கம், அளவு 9. இந்த நடுக்கம் பற்றி உங்களுக்கெல்லாம் தெரிந்தது சுனாமியும் ஃபுகுஷிமா அணு உலையும். டிவிக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் அதையே போடுகிறார்கள். தரை என்ன ஆனது என்று யாரும் காட்டுவதில்லை. ஓஷிகா தீபகற்பம் கிழக்கே 5 மீட்டருக்கு மேல் நகர்ந்தது, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கடல் தரையில் அளவுக் கருவி வைத்திருந்த ஓர் இடம் 24 மீட்டர் நகர்ந்திருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி சொன்னால், ஜப்பானின் வடகிழக்குப் பாதி ஒரே மூச்சில் அகலமாகிவிட்டது.

அதுவரை அந்த நிலம் கிழக்கிலிருந்து பசிபிக் தட்டால் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் வேகத்தில் நெருக்கப்பட்டுக் கிடந்தது. திடீரென்று அந்த நெருக்குதல் தளர்ந்தது. "அப்பாடா" என்கிறீர்களா? பத்து நோட்டுப் புத்தகத்தை வரிசையாக நிற்க வைத்து, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தித் தூக்குங்கள். அழுத்தம் இருக்கும்வரை பத்தும் நிற்கும். வலது கையை லேசாகத் தளர்த்துங்கள். நடுவில் இருப்பது கீழே வழுக்கி விழும். வகுப்பில் இதைச் செய்து காட்டியிருக்கிறேன், என் மாணவர்களுக்கு நினைவிருக்கும். காலில் விழுந்தது என்று ஒருத்தன் நொண்டிக்கொண்டே போய் அடுத்த பீரியடுக்கு மட்டம் போட்டதும் நினைவிருக்கும்.

அந்த நோட்டுப் புத்தகம்தான் இவாகி. ஃபுகுஷிமா மாவட்டத்தின் தென்கிழக்கு ஊர். 2011க்கு முன்னால் நிலத்தடியில் பெரிதாக அசைவே இல்லாத பகுதி. மார்ச் 11க்குப் பிறகு அங்கே நடுக்கங்கள் பொரிகடலை மாதிரி வெடிக்க ஆரம்பித்தன. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 11 மாலை 5.16க்கு, ஜப்பானியக் கணக்கில் 7.0 அளவில் ஒரு நடுக்கம். நிலத்தில் ஒரு பக்கம் அப்படியே கீழே இறங்கியது. வயலுக்கும் சாலைக்கும் நடுவே சில இடங்களில் சுமார் 2 மீட்டர் உயரத்துக்குப் படிக்கட்டு மாதிரி வெட்டு விழுந்தது. மலைச்சரிவில் வீடு புதைந்தும் மற்றபடியும் நான்கு பேர் இறந்தார்கள். ஃபுகுஷிமா அணு நிலையத்தில் மின்சாரம் போய், உலைகளைக் குளிர்விக்க ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர் சுமார் 50 நிமிடம் நின்றது. அந்த 50 நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே உருகிய உலைகள்.

அன்று அசைந்த பிளவுகளில் ஒன்று யூனோடாகே. அணு நிலையத்துக்கான நிலநடுக்கக் கணக்கில் அதைச் செத்த பிளவு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது செத்திருக்கவில்லை. அழுத்திப் பிடித்த கை தளர்வதற்காகக் காத்திருந்தது.

இதுவே போதும் குக்கரை அடுப்பிலிருந்து இறக்க. ஆனாலும் இன்னொன்று. இவாகிக்குத் தெற்கே, இபாராகி மாவட்டத்தின் வட கோடி. 2011 மார்ச் 19இல் அங்கே ஒரு பிளவு 6.1 அளவில் சரிந்தது. சரி, "பிரஷர் போய்விட்டது". 2016 டிசம்பர் 28இல் அதே பிளவு, கவனியுங்கள், அதே பிளவு, 6.3 அளவில் மறுபடி சரிந்தது. ஆறு ஆண்டுகூட முழுசாக ஆகவில்லை. இந்த வகைப் பிளவு ஒரு முறை சரிந்தால் மறுபடி சரிய ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதுதான் வழக்கமான எண்ணம். தோஹோகு நடுக்கத்துக்குப் பிறகு ஆழத்தில் பாறை மெதுவாக வழிந்தோடி, வருஷக்கணக்கில் மேலே இருப்பதை இழுத்துக்கொண்டே இருந்தது. அந்த இழுப்பில் அது சீக்கிரமே மறுபடி நிறைந்துவிட்டது. விசில் அடித்து முடித்த குக்கர், அடுப்பை அணைத்த பிறகும் தானாக நிரம்பி இன்னொரு விசில் அடிக்குமா? அடித்தால் அது என்ன குக்கர்?

தொலைவிலும் நடக்கும். தோஹோகு நடுக்கத்துக்கு 13 மணி நேரம் கழித்து, மறுநாள் விடிகாலை, சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி, நாகானோ மாவட்டத்தின் மலைக்குள் சகாயே என்ற சிறிய கிராமம் ஆடியது. 6.7 அளவு. ஜப்பானில் பனி அதிகம் கொட்டும் ஊர்களில் ஒன்று. அந்தப் பனியில், இருட்டில், வீடுகள் சாய்ந்தன, ரயில் பாதை அந்தரத்தில் தொங்கியது. உலகம் முழுக்கக் கேமரா கடற்கரையில் இருந்ததால் அந்த ஊரை யாரும் பார்க்கவில்லை. "மறக்கப்பட்ட பேரிடர் பகுதி" என்று ஜப்பானியர்களே பிறகு பேர் வைத்தார்கள். மார்ச் 15 இரவு ஃபூஜி எரிமலையின் தெற்கு அடிவாரத்திலேயே 6.4. எரிமலை வெடிக்கவில்லை, ஆனால் அன்று ஜப்பானில் விவரம் தெரிந்தவர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். 1707இல் கடலடியில் வந்த பெரிய ஹோயி நடுக்கத்துக்கு 49 நாள் கழித்து அதே ஃபூஜி வெடித்திருக்கிறது.

ஜப்பான் மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கு சிலி. 2010 பிப்ரவரி 27, கடலடியில் 8.8. பன்னிரண்டு நாள் கழித்து மார்ச் 11, வால்பராய்சோ நகரில் புதிய அதிபர் பினேராவின் பதவியேற்பு. சரியாக அந்த நேரத்தில் பிச்சிலெமு என்ற ஊருக்கருகே 6.9. இதுவும் இவாகி மாதிரியே, தளர்ந்த நிலம் கீழே இறங்கிய வகை. வந்திருந்த வெளிநாட்டு விருந்தினர்கள் கூரையை அண்ணாந்து பார்க்கும் படம் உலகம் பூராவும் வந்தது. அத்தனை பெரியவர்களில் எத்தனை பேர் அன்று காலை "பின்னதிர்வுதானே" என்று நினைத்து வந்திருப்பார்களோ.

அந்தச் சொல்தான் எனக்கு இரண்டாவது எதிரி. பின்னதிர்வு. கேட்டாலே வால் மாதிரி இருக்கிறது, தலை போய்விட்டது, இது வால், ஆடி அடங்கும் என்று. மூலப் பிளவிலேயே நடப்பவை பெரும்பாலும் அப்படி அடங்கத்தான் செய்யும். ஆனால் வேறொரு பிளவு தூண்டப்பட்டு எழும்போது அது வால் அல்ல, வேறு ஒரு பாம்பு. அதற்குத் தனித் தலை, தனி விஷம். கியூஷூ தீவில் குமமோட்டோ, 2016 ஏப்ரல் 14 இரவு 6.5. கடலடி அல்ல, நிலத்திலேயே. பின்னதிர்வுக்குக் கவனம் என்று அறிவித்தார்கள். பலர் வீடு திரும்பினார்கள். 28 மணி நேரத்தில் 7.3. முதலாவதைவிட இரண்டாவதில் பல மடங்கு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு ஜப்பான் வானிலை நிறுவனம் எச்சரிக்கை அறிவிப்பில் அந்தச் சொல்லையே கைவிட்டது. "இதே அளவு நடுக்கம் மறுபடி வரலாம்" என்று நேராகச் சொல்கிறார்கள். ஒரு சொல்லை மாற்றினால் உயிர் பிழைக்கும் என்று ஓர் அரசாங்கம் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் செய்தி வாசிப்பவர்கள் இன்னும் "லேசான பின்னதிர்வுகள் மட்டுமே" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள்.

இவ்வளவு எழுதியதும், குழுவில் உள்ள மறு கோஷ்டிக்குக் குஷி பிறந்திருக்கும். "பார்த்தீர்களா, சார் சொல்லிவிட்டார், சுமத்ராவில் ஆடினால் அடுத்த வாரம் சென்னை" என்று பகிர ஆரம்பிப்பீர்கள். அதற்காகவா எழுதினேன்? நில்லுங்கள்.

சுமை மாறுவது என்பது தூரத்தோடு வேகமாகக் குறைகிற சமாச்சாரம். தூரம் இரண்டு மடங்கானால் விளைவு எட்டில் ஒரு பங்குதான். 2004 டிசம்பர் 26 நடுக்கத்தின் மையம் சென்னையிலிருந்து சுமார் 2,000 கிலோமீட்டர். நம் தரைக்கு அது மாற்றிய சுமை பெயருக்குத்தான். நமக்கு வந்தது தண்ணீர். அதன் கொடுமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமை மாறியது சுமத்ராவின் பக்கத்திலேயே. 2005 மார்ச் 17இல் ஜான் மெக்ளோஸ்கி குழுவினர் கணக்குப் போட்டு, ஆபத்து கூடிய இரண்டு இடங்களை எழுதினார்கள். ஒன்று தெற்கே அடுத்த கடலடித் துண்டு. மற்றது சுமத்ரா தீவுக்குள்ளேயே, பந்தா ஆச்சே வழியாக ஓடும் நிலப்பிளவு. பதினோரு நாளில், மார்ச் 28, முதலாவது இடத்தில் 8.6 வந்து நியாஸ் தீவில் சுமார் ஆயிரம் பேர் போனார்கள். நாளும் நேரமும் அவர்கள் சொல்லவில்லை. இடத்தைச் சொன்னார்கள்.

அலை போகும்போது வெகு தூரத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவதும் உண்மை. அதே 2004 நடுக்கத்தின் அலை 11,000 கிலோமீட்டர் தாண்டி அலாஸ்காவில் ராங்கல் எரிமலைக்கு அடியில் போனபோது, ஒவ்வொரு அலைக்கும் தாளம் போட்ட மாதிரி சின்னச் சின்ன நடுக்கங்கள் வந்தன. ஆனால் மனிதன் உணராத அளவு. தொலைவில் பெரிய நடுக்கம் தூண்டப்படுவது அபூர்வம். 2012 ஏப்ரல் 11இல் இந்தியப் பெருங்கடலில் வந்த 8.6 ஒரு விதிவிலக்கு, அதன் பிறகு ஆறு நாள் உலகம் முழுக்க 5.5க்கு மேற்பட்ட நடுக்கங்கள் பல மடங்கு கூடின. சென்னையில் அன்று அலுவலகங்களைக் காலி செய்துவிட்டு எல்லோரும் தெருவில் நின்றீர்களே, அதேதான். நம் ஊர் ஆடியது அந்த அலையில்தான், நம் பிளவு எதுவும் தூண்டப்பட்டதால் அல்ல.

தூண்டும் சுமை எவ்வளவு தெரியுமா? பல நேரம் உங்கள் ஸ்கூட்டர் டயரில் அடிக்கும் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அவ்வளவு சின்னத் தட்டலுக்குச் சரியும் பிளவு ஏற்கெனவே சரியத் தயாராக நின்ற பிளவுதான். தயாராக இல்லாததை அது ஒன்றும் செய்யாது. ஆகவே ஜோசியக்காரர் வீடியோவை எனக்கு அனுப்ப வேண்டாம். அனுப்புபவரைக் குழுவிலிருந்து எடுக்க அட்மின் என்ற முறையில் எனக்கு அதிகாரம் இருக்கிறது.

"நாள் சொல்ல முடியாத அறிவியலால் என்ன பயன்" என்று ஒரு பழைய மாணவன் கேட்டிருந்தான். தம்பி, உன் மாமனாருக்கு முதல் மாரடைப்பு வந்தபோது டாக்டர் இரண்டாவதற்குத் தேதி கொடுத்தாரா? அடுத்த சில வாரம் ஜாக்கிரதை, படி ஏறாதே என்றார். நீ கேட்டாய். கடலடிப் பெருநடுக்கத்துக்குப் பின் வரும் நாட்களும் வாரங்களும் அப்படித்தான். கடலிலிருந்து தள்ளி இருக்கிறேன், சுனாமி எட்டாது என்பது பாதி விடைதான்.

இந்த விடையை எனக்கு எழுதியவர்கள் யார் தெரியுமா? அய்ச்சி மாவட்டத்தில் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் மூன்று பேர். "நான்கை கடலடி நடுக்கம் வந்தாலும் எங்கள் ஊர் உள்ளே இருக்கிறது சார், ஒரு தடவை ஆடிவிட்டால் அப்புறம் நிம்மதி" என்று ஒருவன். நீ இருக்கும் ஊர்தான்டா மிக்காவா! 1945இல் அந்தக் கோயில்கள் விழுந்த மண்ணுக்கு உன் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரலாம்.

ஆகவே மூவரும் இந்த வாரமே செய்ய வேண்டியது. குடியிருக்கும் கட்டடத்துக்கு அனுமதி வாங்கியது 1981 ஜூனுக்கு முன்பா பின்பா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அந்த மாதம்தான் அங்கே நடுக்கத்துக்கான கட்டட விதி கடுமையானது. மர வீடு என்றால் 2000க்குப் பின்பா என்றும் கேளுங்கள். அலமாரியைத் தலைமாட்டிலிருந்து நகர்த்திச் சுவரோடு பூட்டுங்கள். பெரிய நடுக்கம் வந்து வீட்டில் விரிசல் விழுந்தால், ஆள் வந்து சோதித்துத் தாள் ஒட்டும் வரை உள்ளே படுக்காதீர்கள், அம்மா இங்கிருந்து போன் பண்ணி "எல்லாம் அடங்கிடுச்சாம், உள்ள போய்த் தூங்குப்பா" என்று சொன்னாலும். அம்மாக்களே, நீங்களும் அப்படிச் சொல்லாதீர்கள்.

கேட்டுத் தெரிந்த ஆண்டை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால் நானே போன் செய்வேன், உங்கள் நேரப்படி காலை ஆறு மணிக்கு.